நெய்தவர் பெயரையும் சொல்வோம்!

திருமணப் பந்தல். பட்டப்பகல். உச்சிவெயில் மண்டையைப் பிளக்கிறது. மணமக்களை வாசலுக்கு அழைத்து வந்து நிறுத்துகிறார் புரோகிதர். வானத்தைக் காட்டுகிறார், அருந்ததி தெரிகிறதா என்கிறார். தெரிகிறது என்று தலையை ஆட்டுகிறார்கள் மணமக்கள். சூரியன் எரிக்கும் நேரத்தில் எந்தக் கண்ணுக்கும் தெரியாத விண்மீனைத் தெரிந்ததாக ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலோடு இல்லறத்தைத் தொடங்குகிறார்கள்!

சுயமரியாதைத் திருமண மேடைகளிலே இதை எடுத்துச் சொல்லிச் சிரிக்க வைக்காத பேச்சாளர் நம்மிலே யாரும் இல்லை. நாமும் சொல்லியிருக்கிறோம். சிரித்தார்கள், கைதட்டினார்கள், மாலை போட்டார்கள். மேடையை விட்டு இறங்கியும் விட்டோம். ஆனால் தோழர்களே, பகலிலே தெரியாது என்று சொன்ன நாம், இரவிலே தெரிகிற அந்த விண்மீன் எது, அதன் உண்மை என்ன என்று என்றைக்காவது சொன்னோமா? பொய்யைக் கேலி செய்தது பாதி வேலை. மெய்யைச் சொல்வதல்லவா மீதி வேலை!

அந்த மீதி வேலையை இன்று செய்யலாம் என்று எண்ணுகிறோம். நாம் விஞ்ஞானியல்ல, பள்ளிப்படிப்போடு நின்றவர்தான். ஆயினும் சோமனூர்த் தறிக்காரருக்கும் சிங்காநல்லூர் ஆலைத் தோழருக்கும் விளங்காத விஞ்ஞானம் என்று ஒன்று இருக்க முடியாது என்ற நம்பிக்கை நமக்கு உண்டு.

வடவானத்திலே ஏழு விண்மீன்களைக் கொண்ட கூட்டம் ஒன்று இருக்கிறது. அதன் வாலிலே நடுவில் நிற்பதற்கு வசிட்டன் என்று பெயர் வைத்தார்கள். அதையொட்டி மங்கலாகத் தெரிவதற்கு அருந்ததி என்று பெயர் வைத்தார்கள். தொலைநோக்கி வந்ததும், 17ஆம் நூற்றாண்டிலேயே, அந்த வசிட்டன் ஒற்றை மீனல்ல, இரட்டை மீன் என்று தெரிந்துவிட்டது! புராணம் பார்க்காத இரட்டையைக் கண்ணாடிவில்லை பார்த்துச் சொன்னது.

வானிலே இப்படி இரட்டைகள் ஏராளம். அவற்றிலே ஒரு வகை விந்தையானது. கூடிவாழும் விண்மீன்கள் என்று அவற்றை அழைக்கலாம். ஒன்று, வயது முதிர்ந்து ஊதிப் பெருத்த சிவப்புப் பெருமீன். மற்றொன்று, எரிபொருள் தீர்ந்து சுருங்கி, பூமியளவு சிறுத்தும் சூடு தணியாத வெண்குறுமீன். பெருமீன் தன் உடலிலிருந்து வாயுவைக் காற்றாக வீசுகிறது. சிறுமீன் அதிலே ஒரு பங்கை இழுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன.

இழுத்துக்கொண்ட வாயு குவிந்து குவிந்து, ஒருநாள் தாங்காமல் வெடிப்பதும் உண்டு. வடமகுடம் என்ற கூட்டத்தில் உள்ள இரட்டை ஒன்று 1866இலும் 1946இலும் இப்படித் திடீரெனப் பொங்கி வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. வானில் புதிய ஒளி தோன்றினால் அரசனுக்கு ஆபத்து, நாட்டுக்குக் கேடு என்று பரிகாரப் பட்டியல் போடுகிறார்களே, அந்தப் புதிய ஒளியின் கதை இவ்வளவுதான். யாருக்கும் கேடு இல்லை. ஒரு சிறுமீன் அளவுக்குமேல் வாயுவைச் சேர்த்துக்கொண்டது, வெடித்தது.

இந்த இரட்டைகளின் ஒளியைப் பட்டகத்தில் பிரித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்களை இரண்டு சிவப்புக் கோடுகள் பல்லாண்டு அலைக்கழித்தன. ஒன்றின் அலைநீளம் 6825 ஆங்ஸ்ட்ராம், மற்றொன்று 7082. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொரு தனிமத்துக்கும் கைரேகை போல ஒளிக்கோடுகள் உண்டு. இந்த இரண்டு கோடுகளோ எந்தத் தனிமத்தின் கைரேகையோடும் பொருந்தவில்லை.

1989இல் ஷ்மிட் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் முடிச்சை அவிழ்த்தார். ஐந்து எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன், சிறுமீனின் கடுஞ்சூட்டிலே கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வீசுகிறது. அந்த ஒளி பெருமீனைச் சூழ்ந்த ஹைட்ரஜன் மீது மோதுகிறது. மோதும்போது தன் ஆற்றலில் ஒரு பங்கை அங்கே கொடுத்துவிட்டு, நிறம் மாறிச் சிவப்பாகச் சிதறுகிறது. 1032 ஆங்ஸ்ட்ராமாகப் போனது 6825ஆக வெளிவருகிறது. 1038ஆகப் போனது 7082ஆக வெளிவருகிறது. அந்தப் புறஊதா ஒளியை நம் காற்றுமண்டலம் உள்ளே விடாது. சிவப்பாக மாறி வந்ததால்தான் தரையிலிருந்து பார்க்க முடிகிறது.

மோதிய ஒளி நிறம் மாறிச் சிதறும் இந்தச் செயலுக்கு ராமன் விளைவு என்று பெயர். ஆம், திருச்சியை அடுத்த திருவானைக்காவில் 1888இல் பிறந்த சர் சி. வி. ராமன் பெயர்தான்! 1928இல் கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் கண்ட உண்மை, வானத்து இரட்டைகளின் பூட்டைத் திறந்தது. தமிழ்நாட்டார் மார்பு விரியவேண்டிய செய்தி இது.

ஆனால் அந்தக் கல்கத்தா அறையிலே ஒருவர் மட்டும் இருக்கவில்லை, தோழர்களே. அங்கேயும் இரட்டை இருந்தது. அதிலே மறைந்து நின்ற மீனைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தோம்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4ஆம் நாள், திருவில்லிப்புத்தூர்ப் பக்கத்து வத்திராயிருப்பு வட்டாரத்தில் பிறந்தவர். தந்தையார் உழவுத் தொழிலும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே கொண்டவர். உள்ளூர்ப் பள்ளியிலும் திருவில்லிப்புத்தூரிலும் படித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று ஏறினார் பிள்ளை.

எந்தக் குலம் என்று கேட்கும் தோழர் இருப்பார். கேட்கட்டும், அந்நாளில் பள்ளிக்கூடக் கதவு எந்தக் குலத்துக்கு அகலத் திறந்திருந்ததோ அந்தக் குலம்தான். அவர் அறிவை அதற்காகக் குறைத்துச் சொல்ல மாட்டோம். கதவு திறந்திருந்த வீட்டிலிருந்து ஒரு கிருஷ்ணன் வந்தார் என்றால், கதவு சாத்தியிருந்த வீடுகளிலே எத்தனை கிருஷ்ணன்கள் நூல் சுற்றியும் ஏர் ஓட்டியும் பெயரில்லாமல் மடிந்திருப்பார்கள் என்றுதான் கேட்போம். கதவைத் திறக்கச் சொல்லித்தானே இயக்கமே பிறந்தது!

கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறைகளை மாணவருக்குக் காட்டும் வேலை கிடைத்தது. நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டிவைத்துக்கொள்வார் கிருஷ்ணன். இயற்பியல், வேதியியல், கணக்கு, எதைப் பற்றியும் யாரும் கேட்கலாம். பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வந்து கூடினார்கள். சோற்று வேளையைச் சொற்பொழிவு வேளையாக்கிய அந்த இளைஞரை, மாலைதோறும் படிப்பகம் நடத்தும் நம் தோழர்கள் தம்மவர் என்றே கொள்ளலாம்.

1920இல் கல்கத்தா சென்றார். 1923இல் ராமனின் ஆராய்ச்சிக் கூட்டத்தில் சேர்ந்தார். மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்க மருத்துவர் 1876இல் தொடங்கிய கழகம் அது. வெள்ளையர் தயவு இல்லாமல் நம்மவரே விஞ்ஞானம் வளர்க்கவேண்டும் என்று கட்டிய கூடம். அங்கே அரண்மனைக் கருவிகள் கிடையா. சூரிய ஒளி உண்டு, அதைக் குவிக்கும் வில்லை உண்டு, நிறக்கண்ணாடிகள் உண்டு, தூய்மை செய்த திரவம் அடைத்த குடுவைகள் உண்டு, களைக்காத கண்கள் உண்டு.

சோதனை இதுதான். ஊதா ஒளியை மட்டும் விடும் கண்ணாடி வழியாகச் சூரிய ஒளியைத் திரவத்தில் பாய்ச்சவேண்டும். ஊதாவை மறித்து மஞ்சளும் பச்சையும் மட்டும் விடும் கண்ணாடியைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளவேண்டும். போன ஒளி நிறம் மாறாமல் திரும்பினால் ஒரே இருட்டுத்தான் தெரியும். ஆனால் இருட்டு இல்லை; மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது! இந்த மங்கல் ஒளியை ராமனின் மாணவர்கள் சில ஆண்டுகளாகவே கண்டு வந்தார்கள். கிருஷ்ணனே முன்பு கண்டிருக்கிறார். திரவத்திலுள்ள அழுக்கு ஒளிர்கிறதா, திரவமே ஒளியை விழுங்கி உமிழ்கிறதா, அல்லது இது வேறேதாவதா? கேள்வி அப்படியே நின்றது.

1928 பிப்ரவரி. சில காலமாக ஏட்டுக்கணக்கில் மூழ்கியிருந்த கிருஷ்ணனைச் சோதனைக்கு இழுத்துவந்தார் ராமன். விஞ்ஞானம் செய்பவன் கருவியை விட்டு நெடுநாள் விலகியிருக்கலாகாது என்பது அவர் கருத்து. பிப்ரவரி 7ஆம் நாள் கிருஷ்ணன் ஒன்றைக் கண்டார். தூய திரவங்கள் எல்லாவற்றிலும் அந்த மங்கல் ஒளி இருந்தது. அது மட்டுமல்ல, அந்த ஒளி வலுவாகத் தளவிளைவு பெற்றிருந்தது!

தளவிளைவு என்றால் என்ன? தறியிலே அச்சு இருக்கிறதல்லவா, நெட்டுக்குத்தான பற்களோடு? ஒரு சீட்டை எடுத்து நெட்டுக்குத்தாகப் பிடித்தால் பற்களுக்கிடையே நுழையும். படுக்கைவாட்டில் பிடித்தால் முட்டிக்கொண்டு நிற்கும். சாதாரண ஒளியலை எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு வருகிறது. தளவிளைவு பெற்ற ஒளியோ அந்தச் சீட்டைப் போல ஒரே வாட்டத்தில் அதிர்கிறது. நிக்கல் பட்டகம் என்ற படிகம்தான் அச்சு. அதைக் கண்ணுக்கு முன்னால் வைத்துத் திருப்பினால், எல்லாப் பக்கமும் அதிரும் ஒளி மாறாமல் தெரியும். ஒரே வாட்டத்து ஒளியோ ஒரு நிலையில் பளிச்சிடும், மறு நிலையில் மங்கும்.

கிருஷ்ணன் திருப்பினார்; பளிச்சிட்டது, மங்கியது. திரவம் விழுங்கி உமிழும் ஒளி இப்படி ஒரு வாட்டத்தில் வராது. சிதறிவரும் ஒளிதான் இப்படி வரும். ஆகவே விழுந்த ஒளியேதான் நிறம் மாறிச் சிதறி வருகிறது! நிறம் மட்டும் பார்த்திருந்தால் ஐயம் நீங்கியிராது. ஒளியின் வாட்டத்தைப் பார்த்ததால்தான் உண்மை தலைகாட்டியது.

முதலில் ராமன் நம்பவில்லை. எல்லாத் திரவத்திலுமா, அதுவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலா என்று ஐயுற்றார். பிறகு தாமே பார்த்தார். அன்றிரவு ஒன்பது மணிக்கு, உணவு முடித்துத் தோழரோடு பேசிக்கொண்டிருந்த கிருஷ்ணனைத் தேடி, வீட்டுக்கே வந்துவிட்டார் பேராசிரியர்! கண்டது புதிய உண்மை என்ற பரபரப்பு அவரை உட்காரவிடவில்லை. வேலை வாங்கும் முதலாளி தொழிலாளியின் வாசலுக்கு எப்போதாவது வந்திருக்கிறாரா? அறிவுக்கு அந்தப் பெருமை உண்டு. அன்று பெரியவர் சிறியவர் வாசலில் நின்றார்.

பிறகு நடந்தவை உலகம் அறிந்தவை. ஏறத்தாழ 60 திரவங்கள் சோதிக்கப்பட்டன. பிப்ரவரி 16ஆம் நாள் இங்கிலாந்தின் நேச்சர் ஏட்டுக்குக் கடிதம் போயிற்று. அதிலே ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்கள். பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைகாட்டியில் அந்தப் புதிய ஒளி தனித்துத் தெரிந்தது. 1930இல் நோபல் பரிசு வந்தது. அதிலே ஒரே ஒரு பெயர்.

சோமனூரில் கூலிக்கு நெய்யும் தறிக்காரருக்கு இது புரியும். பாவு வியாபாரி கொடுக்கிறார். நெய்வது இவர். துணி கடைக்குப் போகும்போது அதன்மேல் இருக்கும் முத்திரை வியாபாரியுடையது. துணியை உடுத்துகிறவருக்கு நெய்தவரின் பெயர் தெரியாது.

ஆனால் நாம் நடுநிலை தவறக்கூடாது. ராமன் வெறும் பாவு கொடுத்த வியாபாரியல்ல. 1921இல் கப்பலில் திரும்பும்போது கடலின் நீலத்தைக் கண்டு கேள்வி எழுப்பியவர் அவர். ஒளிச்சிதறல் ஆராய்ச்சியைத் தொடங்கி, ஆட்களைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் விடாமல் நடத்தியவர் அவர். மங்கல் ஒளியின் பொருளைப் பற்றிப் பிடித்தவரும் அவரே. பரிசேற்புச் சொற்பொழிவில் மாணவர்களின் பெயர்களைச் சொல்லவும் அவர் தவறவில்லை. ஆகவே ராமனைக் குறைத்துக் கிருஷ்ணனை உயர்த்த வரவில்லை நாம். முத்திரையிலே ஒரு பெயர் நின்று, இன்னொரு பெயர் உதிர்ந்துபோனது என்பதைத்தான் சொல்கிறோம். உதிரவிட்டது நாடு, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28ஐத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடும் நாம்!

கிருஷ்ணன் அதை ஊரறியக் குறைசொல்லித் திரியவில்லை. அவருடைய நாட்குறிப்பு, அவர் மறைந்து பல்லாண்டு கழித்து வெளிவந்த பிறகுதான் பிப்ரவரி 7ஆம் நாளின் கதையை ஊர் முழுதாக அறிந்தது.

அவர் செய்தது அடுத்த வேலை. 1928 முடியும்போது டாக்கா பல்கலைக்கழகம் சென்றார். படிகங்கள் காந்தத்துக்கு ஒவ்வொரு திசையில் ஒவ்வொரு விதமாக இணங்குவதை நுட்பமாக அளந்தார். அந்த அளவுகளைக் கொண்டு படிகத்துக்குள்ளே மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லும் வழி பிறந்தது. 1933இல் கல்கத்தாவுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1942இல் அலகாபாத். 1946இல் சர் பட்டம். 1947இல் டில்லியில் தேசிய இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநர். 1954இல் பத்ம பூஷண். 1958இல் பட்நாகர் பரிசை முதன்முதலில் பெற்றவரும் அவரே. 1961 ஜூன் 14ஆம் நாள் டில்லியில் கண்மூடினார்.

டில்லியிலே பெரிய நாற்காலியில் அமர்ந்தும் தமிழை மறக்கவில்லை என்பதை நாம் தனியாகச் சொல்லியாகவேண்டும். தமிழ் இலக்கியத்தில் தோய்ந்தவர் அவர். தமிழிலே விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர். தமிழிலே விஞ்ஞானம் சொல்ல முடியுமா என்று உதட்டைப் பிதுக்கும் மேதாவிகள் இன்றும் உண்டு. அவர்களில் பலருக்கு விஞ்ஞானமும் முழுதாகத் தெரியாது, தமிழும் முழுதாகத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் எழுதிக்காட்டினார்!

இனி வானத்துக்குத் திரும்புவோம். அந்த இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு விளக்கம் கிடைத்ததும் ஆராய்ச்சியாளர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். சிதறி வரும் ஒளியானால் அது தளவிளைவு பெற்றிருக்கவேண்டுமே! தொலைநோக்கியில் அதற்குரிய கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். பெற்றிருந்தது, வலுவாகவே பெற்றிருந்தது. கல்கத்தாவில் குடுவைக்கு முன்னால் கிருஷ்ணன் கேட்ட அதே கேள்வி. வானமும் அதே விடையைத்தான் சொன்னது.

அதோடு நிற்கவில்லை. சிறுமீன் பெருமீனைச் சுற்றச் சுற்ற, சிதறிவரும் ஒளியின் வாட்டமும் திரும்புகிறது. கடிகார முள்ளைப் பார்த்து மணி சொல்வதுபோல, அந்த வாட்டத்தைப் பார்த்துச் சிறுமீன் இந்நேரம் எந்தப் பக்கம் நிற்கிறது, அதன் பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் ஒரே புள்ளியாகத் தெரியும் இரட்டைகளுக்குக்கூட இந்தக் கணக்குப் பலிக்கிறது. நம் ஜவ்வாது மலையிலும் காவலூரில் 2.34 மீட்டர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்து நிற்கிறது. ஆலங்காயம் வழியே போகிற தோழர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்து வரலாம்.

அந்த இரட்டையிலே பளிச்சென்று தெரிவது சிவப்புப் பெருமீன். அந்த வாயு முழுவதையும் சூடேற்றி ஒளிரச்செய்வதோ பக்கத்தில் மறைந்து நிற்கும் சிறுமீன். நிறத்தை மட்டும் பார்ப்பவனுக்குப் பெருமீன்தான் தெரியும். ஒளியின் வாட்டத்தையும் பார்ப்பவனுக்கு, மறைந்து நிற்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் தெரியும்.

வரும் பிப்ரவரி 28இல் நம் படிப்பகங்களில் ராமன் படத்தை மாட்டுங்கள். பக்கத்திலே கிருஷ்ணன் படத்தையும் மாட்டுங்கள். இரவு ஷிப்டு முடிந்து வரும் தோழரை வாசலில் நிறுத்தி, பிள்ளைகளையும் அழைத்து, வடவானத்தைக் காட்டுங்கள். பகலில் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கம் இனி வேண்டாம். இரவிலே தெரிவதைத் தெரிந்தபடி சொல்லுங்கள். அந்த விளக்கத்துக்குள்ளே வத்திராயிருப்புக்காரர் ஒருவரின் கண் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

துணியைப் புகழும்போது நெய்தவர் பெயரையும் சொல்கிற நாடுதான், நாளைக்கு நெய்கிறவர் வீட்டுப் பிள்ளையையும் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பும்.